துர்கா போட்ட வைக்கோல்

ஒண்ணாம் வகுப்புக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சர் நேத்து என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. "டீச்சர், கிறிஸ்துமஸ் குடில் தொட்டியில புள்ளைங்க வைக்கோல் போடுறாங்கல்ல, யார் என்ன நல்லது பண்ணிட்டுப் போட்டாங்கன்னு சார்ட்டுல எழுதி ஒட்டலாமா? பேரண்ட்ஸ் பாத்தா சந்தோஷப்படுவாங்க." நல்ல எண்ணத்துலதான் கேட்டாங்க. நானும் ஒரு காலத்துல இதே மாதிரி எண்ணினவதான். வேணாம்மா. ஏன் வேணாம்னு சொல்றேன். டீ ஆறுறதுக்குள்ள முடியாது, குடிச்சிக்கிட்டே கேளுங்க.

இந்த ஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கிற மூணு பேருக்குமே சேத்துச் சொல்றேன். நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க முப்பத்து மூணு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். வாய்ப்பாடு எப்படிச் சொல்லித்தரணும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, என்னைவிட நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க. நான் சொல்லப்போறது என் தப்பை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு மேல நிக்கும். இது ரெண்டும் தெரிஞ்சிக்கிட்டா மீதிக்கதை உங்களுக்கே புரியும்.

நம்ம ஸ்கூல்ல கிறிஸ்தவப் புள்ளைங்க ஒரு வகுப்புக்கு நாலோ அஞ்சோ இருப்பாங்க. மீதிப் பேரு செராமிக் கம்பெனியில வேலை பாக்குறவங்க புள்ளைங்க, கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் விவசாயம் பண்றவங்க புள்ளைங்க, மங்கலம்பேட்டையிலேர்ந்து வேன்ல வர்ற புள்ளைங்க. ஆனா காலைச் செபம் எல்லாருக்கும் மனப்பாடம். திருநீற்றுப் புதன் அன்னைக்கு ஒரு பையன் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, "எங்க கோயில்ல மூணு கோடு போடுவாங்க டீச்சர், உங்க சாமியார் ரெண்டோட நிறுத்திட்டாரு"ன்னு சொன்னான். இங்க சாமி விஷயத்துல யாருக்கும் சண்டை கிடையாது. எல்லாரும் எல்லாத்துக்கும் வருவாங்க. அதனாலேயே நாம கவனமா இருக்கணும்னு அப்ப எனக்குத் தெரியல.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் திருவருகைக் காலம். அப்ப வராண்டாவுல ஒரு மரத் தொட்டியை வைப்போம், மாட்டுக்குத் தீனி போடுற மாதிரி. பக்கத்துல ஒரு கட்டு வைக்கோல். ஒரு புள்ள நல்ல காரியம் ஒண்ணு பண்ணுச்சுன்னா ஒரு வைக்கோலை எடுத்து தொட்டியில போடும். லீவு விடுறதுக்கு முந்தின விழாவுல அதுமேல குழந்தை இயேசுவைப் படுக்க வைப்போம். புள்ளைங்க செஞ்ச நல்லதெல்லாம் சேந்து அவருக்கு மெத்தை ஆகுதுன்னு அர்த்தம். நான் வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து நடக்குற பழக்கம் இது. நான்தான் அதைச் சீர்படுத்துறேன்னு கெடுத்தேன்.

என்ன பண்ணினேன்? மொத வேலையா, வைக்கோலை விரல் நீளத்துக்குக் கத்தரிச்சு ஒரு தட்டுல அழகா அடுக்கினேன். ரெண்டாவது, யாரும் தானா எடுக்கக்கூடாதுன்னேன். வரிசையில வந்து, என் காதுல என்ன நல்லது பண்ணினேன்னு சொல்லணும், நான் சரின்னா ஒரு துண்டு தருவேன். அடேயப்பா, எத்தனை நல்லது தெரியுமா! "எறும்பை மிதிக்கல டீச்சர்." "தங்கச்சிய இன்னைக்கு அடிக்கல, நாளைக்குத்தான் அடிப்பேன்." ஒருத்தன் தினமும் தண்ணிக் குழாயை மூடிட்டு வந்து நிப்பான். நாலாம் நாள் ஒளிஞ்சிருந்து பாத்தேன், அவனே தொறந்துவிட்டு அவனே மூடுறான். சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திருப்பி அனுப்பினேன். இதுல எனக்கு ஒரே பெருமை. புள்ளைங்களுக்கு உண்மையா இருக்கக் கத்துக் கொடுக்கிறேனாம்.

அந்த வருஷம் பழைய குழந்தை இயேசு பெயின்டு உரிஞ்சு பாக்கவே பாவமா இருந்தாரு. ஹெச்.எம். சிஸ்டர் நம்ம ஊர்லயே ஒரு கம்பெனியில சொல்லி, புதுசா வெள்ளை செராமிக்குல ஒண்ணு செய்ய வச்சாங்க. ரெண்டு கையையும் பக்கத்துல விரிச்சு, விரல் விரலா அவ்வளவு அழகு. பெட்டியில வைக்கோல் சுத்தி வந்துச்சு. என் மூணாம் வகுப்புலதான் பிரிச்சோம். புள்ளைங்க எல்லாம் மேஜையைச் சுத்தி நின்னு வாயைப் பொளந்து பாத்துச்சுங்க. அதுல துர்கான்னு ஒரு பொண்ணு. ஒல்லியா இருக்கும், ரெட்டை ஜடை, அதிகம் பேசாது. எல்லாரும் பொம்மை முகத்தைப் பாத்தப்ப இது மட்டும் குனிஞ்சு கையைப் பாத்துச்சு. அது எனக்கு ஞாபகம் இருக்குது, ஆனா அன்னைக்கு ஒண்ணும் தோணல.

மூணாவது வாரம். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சு வராண்டா காலியா இருந்துச்சு. நான் கை கழுவிட்டுத் திரும்புறேன், துர்கா தொட்டிகிட்ட குந்தியிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, கை நிறைய வைக்கோல். கட்டுலேர்ந்து உருவி உருவி உள்ள திணிக்குது. எனக்கு எங்கேர்ந்துதான் அந்தக் கோபம் வந்துச்சோ.

"என்ன நல்லது பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல டீச்சர்."

"அப்ப எதுக்குப் போடுற?"

"ஒடைஞ்சிடும் டீச்சர்."

எது உடையும், ஏன் உடையும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கல. "எதையாவது ஒடச்சிட்டு இங்க வந்து பொய் வேற சொல்றியா?"ன்னு கத்தினேன். அது வைக்கோல் ஒட்டின கையைப் பாவாடையில தொடச்சிக்கிட்டு கிளாஸுக்குப் போயிடுச்சு. அன்னைக்குச் சாப்பிடவும் இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. மறுநாள் காலை அசெம்பிளியில அதை முன்னாடி கூப்பிட்டு நிறுத்தினேன். "ஒரு நல்ல காரியமும் செய்யாம வைக்கோல் போட்டா அது திருடறதுக்குச் சமம்"னு சொல்லி, தொட்டியில இருந்த எல்லாத்தையும் அதை விட்டே குப்பைக்கூடையில கொட்ட வச்சேன். "இன்னையிலேர்ந்து புதுசா, சுத்தமா ஆரம்பிப்போம்"னேன். சாயந்திரம் பெற்றோர் வாட்ஸப் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். "சில பிள்ளைகள் நற்செயல் செய்யாமலே ஏமாற்றுகிறார்கள், வீட்டில் கண்டிக்கவும்." பேரு சொல்லலங்கறது எனக்கு ஒரு சமாதானம். பேரு எதுக்கு? ஸ்கூல் பூரா பாத்திருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.

துர்கா அடுத்த நாள் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. எனக்கும் உள்ளுக்குள்ள உறுத்திச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா விழா வேலை தலைக்கு மேல. வானதூதர்களுக்கு இறக்கை ஒட்டணும், இடையர்களுக்குத் துண்டு தேடணும். காய்ச்சலா இருக்கும்னு மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

விழா அன்னைக்குக் காலையில அதோட அம்மா அஞ்சலை வந்தாங்க. ஒரு பொம்மைக் கம்பெனியில பேக்கிங் வேலை பாக்குறவங்க. கம்பெனியிலேர்ந்து அப்படியே வந்திருக்காங்க, தலையில கட்டுற துண்டு தோள்ல கிடக்குது. சிஸ்டர், விழாவுக்கு வர்ற பங்கு ஃபாதரை அழைக்க வாசல்ல நின்னாங்க, ஆபீஸ்ல நான் மட்டும்தான். மேஜைமேல ஒரு தாளை வச்சாங்க. டிசி கேட்டு யாரையோ விட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்காங்க.

"எதுக்கும்மா நடு வருஷத்துல டிசி?"

"எம் பொண்ணு திருடியா டீச்சர்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவங்க விடல.

"உங்க மெசேஜை கம்பெனியில பத்து பொம்பளைங்க நடுவுல போட்டுக் கேட்டாங்க. அஞ்சலை பொண்ணு சாமிகிட்டயே வைக்கலு திருடுச்சாம்னு சிரிக்கிறாங்க. ஏன் டீச்சர், வைக்கலு எங்ககிட்ட இல்லாத பொருளா? காலையிலேர்ந்து சாயந்தரம் வரிக்கும் நான் வைக்கல்லதான் கெடக்கறேன். ஸ்கூலு வுட்டதும் அதுவும் எம் பக்கத்துலதான் குந்திக்கும். எந்தப் பொம்மைக்கு எவ்ளோ வைக்கலுன்னு உங்களவிட அதுக்குத் தெரியும்."

எனக்கு இன்னும் புரியல. அவங்களே சொன்னாங்க. புது பொம்மையைப் பிரிச்ச அன்னைக்கே துர்கா வூட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கு. "அம்மா, எங்க ஸ்கூல்ல ஒரு பாப்பா பொம்மை வந்திருக்குது, கை ரெண்டும் விரிச்சிருக்குது. டீச்சர் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணாப் போடச் சொல்றாங்க, பலகையே தெரியுது. கை போயிடும்மா." அஞ்சலைதான் சொல்லியிருக்காங்க, "கை நீட்டின பொம்மைக்கு அடியில நாலு விரக்கடை உசரம் வைக்கலு வேணும், முதுகு படறதுக்கு முன்னாடி கைதான் படும், வெட்டாத வைக்கலாப் பாத்து நீயே போட்டு வை"ன்னு.

"நான் சொல்லித்தான் போட்டா. அதுக்குப் பேரு திருட்டுன்னா, திருடி நான்தான். எங்க சாமி வேற, உங்க சாமி வேற. அதுக்காக உங்க சாமி ஒடையட்டும்னு எம் பொண்ணு நினைக்கல டீச்சர்."

 ஒடைஞ்சிடும் டீச்சர்னு அது சொன்னது அப்பத்தான் எனக்குக் காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு. அந்த இடத்துலயே மன்னிச்சிடுங்கம்மான்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்ல. "டிசி எழுதணும்னா சிஸ்டர் வரணும், வெளிய உக்காருங்க"ன்னு சொன்னேன். தாளை நான் கையில எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்குது.

அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. ஹால்ல பெற்றோர் நிறைய, முன் வரிசையில ஃபாதர். ஸ்கூல்லயே சின்னப் புள்ளதான் குழந்தை இயேசுவைத் தூக்கிட்டு வரணும்கிறது வழக்கம். அந்த வருஷம் கவின்னு ஒரு பையன், கருவேப்பிலங்குறிச்சிக்காரன், முன் பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. சிஸ்டர் அவன் தோளைப் பிடிச்சு மெதுவாக் கூட்டிட்டு வர்றாங்க. மேடையில தொட்டி. மேல நானே கஞ்சி போட்ட வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருக்கேன். துணிக்கு அடியில என்ன இருக்குதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். குப்பையில கொட்டினதுக்கு அப்புறம் ஒரு வாரத்துல சேந்த துண்டு வைக்கோல், ரெண்டு பிடிகூட இருக்காது.

ஒரு பாட்டு முடியற நேரம் எனக்கு இருந்துச்சு. ஓடிப்போய் "சிஸ்டர், ஒரு நிமிஷம்"னு நிறுத்தி, கட்டுல இருந்த வைக்கோலை அள்ளித் திணிச்சிருந்தா முடிஞ்சுது. கதவோரமா நின்னுக்கிட்டு யோசிச்சேன். ஃபாதர் என்ன நினைப்பாரு? இத்தனை பேரு முன்னாடி என்ன காரணம் சொல்றது? ஒண்ணும் ஆகாது, பையன் மெதுவாத்தானே வைப்பான். நல்லாக் கேட்டுக்கங்க. வராண்டாவுல நான் பண்ணின தப்பு கோபத்துல பண்ணினது. கதவோரம் நின்னு பண்ணின தப்பு யோசிச்சுப் பண்ணினது. ரெண்டாவதைத்தான் கடவுள்கிட்ட நான் இன்னமும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கவின் குனிஞ்சான். பொம்மை அவன் கைக்குக் கனம். ஒரு பக்கமாச் சாஞ்சுது. "டக்"குனு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனா பாட்டு அப்பத்தான் முடிஞ்சிருந்துச்சு, ஹாலுக்கே கேட்டுச்சு. வெள்ளைத் துணிமேல ஒரு கை தனியாக் கிடக்குது.

பையன் முகத்தைப் பாக்கணுமே! உதடு பிதுங்குது, அழுகை வரல, மூச்சும் வரல. பின்னாடி வரிசையில நம்ம பங்குக்காரங்க ஒருத்தர், மெதுவாத்தான், ஆனா கேக்கிற மாதிரி சொன்னாரு: "ஞானஸ்நானம் வாங்கின புள்ள கையில குடுத்திருக்கலாம்." கவினோட அப்பா நிமிந்து திரும்பிப் பாத்தாரு. வராண்டா ஜன்னல்ல அஞ்சலை நிக்கிறாங்க.

அப்பத்தான் எனக்குக் காலு நகந்துச்சு. மேடைக்குப் போய் கவினைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டேன். மைக்கு எங்க இருந்துச்சுன்னுகூடத் தெரியல, தொண்டையாலேயே பேசினேன். "இந்தப் புள்ள சரியாத்தான் வச்சான். அடியில வைக்கோல் இல்ல. வைக்கோல் போட்டது மூணாம் வகுப்பு துர்கா. ஒடைஞ்சிடும்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போட்டுது. நான் அதைக் காதுல வாங்காம, திருடின்னு சொல்லி எல்லாத்தையும் குப்பையில கொட்ட வச்சேன். ஒடச்சது நான்." துணியைத் தூக்கிக் காட்டினேன். பலகை பளிச்சுனு தெரிஞ்சுது. சொல்லும்போதே அழுதுட்டேன். அறுபது வயசு நெருங்குற டீச்சர், அத்தனை புள்ளைங்க முன்னாடி.

அப்ப அஞ்சலைதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாங்க. நேரா மேடைக்கு வந்து, பொம்மையைத் தூக்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாங்க. உடைஞ்ச கையை எடுத்து முனையைத் தடவினாங்க. "மறுபடி சூளைக்குப் போவாது. ஒட்டிக்கலாம், கோடு தெரியும், அவ்ளோதான்." என் கையில கசங்கிப் போயிருந்த தாளை வாங்கி, உடைஞ்ச கையை அதுல வச்சு நாலா மடிச்சாங்க.

"அம்மா, அது டிசி கேட்டு எழுதின தாளு"ன்னேன்.

"தெரியும் டீச்சர்"னாங்க. மடிச்சதை இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

சிஸ்டர் என்னைத் திட்டல. கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "குரூப்புலதானே போட்டீங்க? மன்னிப்பையும் குரூப்புலயே கேளுங்க." அங்கயே நின்னு போட்டேன், பேரு சொல்லி, துர்கா பேரும் என் பேரும். இதுல ஒரு பாடம் இருக்குது. பத்து பேரு முன்னாடி புள்ளைய அவமானப்படுத்திட்டு, ஆபீஸ் ரூம்ல கூப்பிட்டு சாக்லேட் கொடுத்தா அது மன்னிப்பு இல்ல. எவ்வளவு பேருக்குக் கேக்கிற மாதிரி திட்டினோமோ, அவ்வளவு பேருக்கும் கேக்கணும்.

"துர்கா எங்கம்மா?"ன்னு கேட்டேன். கம்பெனியில குந்தியிருக்குன்னாங்க. அவங்களே போன் போட்டு என்கிட்ட கொடுத்தாங்க.  "துர்கா, டீச்சர் பேசுறேம்மா. நீ சொன்ன மாதிரியே ஒடைஞ்சு போச்சு. தப்பு டீச்சர் மேலதான். உன்னைத் திருடின்னு சொன்னது ரொம்பத் தப்பு."

  அது கேட்டுச்சு.

"எந்தக் கை?"

"வலது கைம்மா."

"கீழ தூளு எதுனா கெடக்கும். மிதிச்சிடாம பாத்துக்கச் சொல்லுங்க."

அதுக்கு அப்புறம் நீங்க கேட்ட சார்ட்டு, வரிசை, காதுல சொல்றது எதையும் இந்த ஸ்கூல்ல நான் அனுமதிக்கல. கட்டு வைக்கோல் வராண்டாவுல கிடக்கும். யாரு வேணா, எவ்வளவு வேணா போடலாம், ஏன்னு கேக்க மாட்டோம். குழாய் மூடுறவன் பத்து வைக்கோல் சேத்துப் போட்டாலும் போட்டுட்டுப் போறான், மெத்தைதானே. குழந்தை இயேசுவோட வலது மணிக்கட்டுல இன்னமும் மெல்லிசா ஒரு கோடு தெரியும், இந்த வருஷம் எடுக்கும்போது பாருங்க. பெயின்டு அடிச்சு மறைக்கலாம்னு யாராவது சொன்னா, வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அன்னைக்கு அரை மணி நேரத்துல துர்கா வந்துடுச்சு. யூனிஃபார்ம் இல்ல, வீட்டுல போடுற கவுனு. கம்பெனி அண்ணன் ஒருத்தர் வண்டியில கொண்டாந்து விட்டாரு. மடியில சிமெண்ட் சாக்குல ஒரு மூட்டை வைக்கோல். புள்ளைங்க எல்லாம் கேக்கு சாப்பிடப் போகாம அப்படியே உக்காந்திருக்குதுங்க. அது யாரையும் பாக்கல, என்னையும் பாக்கல. மேடையில முட்டி போட்டு, நான் வச்ச வெள்ளைத் துணியை மடிச்சு ஓரமா வச்சிச்சு. என் துண்டு வைக்கோலைக் கொட்டல, அதுமேலயே போட்டுச்சு. நீள வைக்கோலைக் குறுக்கும் நெடுக்குமா வச்சு, உள்ளங்கையால அமுக்கி, விரலை மடக்கி ஆழம் பாத்து, திரும்பவும் போட்டுச்சு. நடுவுல முதுகுக்குக் குழி, ரெண்டு பக்கமும் கைக்கு மேடு.

நான் கை இல்லாத குழந்தையை மார்போட அணைச்சிக்கிட்டு பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தேன். பின்னாடி ஃபாதர் நிக்கிறாரு, சிஸ்டர் நிக்கிறாங்க. அது சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். அது கடைசியா ஒரு தடவை அமுக்கிப் பாத்துச்சு. எழுந்து கையைக் கவுனுல தொடச்சிக்கிச்சு. அப்பத்தான் என்னை நிமிந்து பாத்துச்சு.

"இப்ப வைங்க டீச்சர்."